எந்தப் பக்கம் நிற்பார்கள்?

சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வட்டத்தில், காட்டூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த வட்டாரம் முழுவதும் பழவேற்காடு ஏரியை நம்பி வாழ்கிற வட்டாரம். பெயர்தான் ஏரி. உண்மையில் அது கடலோடு கலந்து கிடக்கும் உப்பங்கழி. ஒடிசாவில் உள்ள சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவில் பெரிய உப்பங்கழி இதுதான். கரை நெடுக மீனவர் சிற்றூர்கள். இறால், நண்டு, மடவை என்று ஏரி எதைக் கொடுக்கிறதோ அதுவே அவர்கள் சோறு.

ஒரு நாள் காலை. காட்டூரில் ஒரு தேநீர்க் கடை. வலையை உதறிக் காயப் போட்டுவிட்டு வந்த நாலைந்து பேர் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். எல்லையில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி.

கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று ஒரு கேள்வி போட்டார்.

"ஏம்ப்பா, நம்ம பட்டாளத்திலே முஸ்லிம்களும் இருக்காங்களா? பாகிஸ்தானோட சண்டைன்னு வந்தா அவங்க எந்தப் பக்கம் நிப்பாங்க?"

அவர் மனத்தில் விஷம் இல்லை. தெரியாமல்தான் கேட்டார். ஆனால் அதே பெஞ்சியின் கோடியில் கைலி கட்டிய ஒரு முஸ்லிம் பெரியவர் உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்டவருக்கும் அவருக்கும் நாற்பது ஆண்டுப் பழக்கம். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பாதி குடித்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

பத்திரிகை படித்த பையன் அவருடைய பேரன். தினமும் விடியற்காலையில் எழுந்து, பட்டாளத்தில் சேர வேண்டும் என்று ரோட்டில் ஓடிப் பழகுகிறவன். அவனும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுத் தாத்தாவின் பின்னால் போனான்.

நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். நான் படித்தவன் என்று பெயர். என்னாலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

வேலூர் சொன்ன பாடம்

பதிலைத் தேடி டில்லிக்குப் போக வேண்டியதில்லை. நம் வேலூர்க் கோட்டைக்குப் போனால் போதும்.

அது 1806-ம் ஆண்டு. கோட்டை வெள்ளைக்காரர் கையில். காவலுக்கு இருந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் நம் நாட்டவர். இந்துக்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு.

அப்போது சென்னை ராணுவத் தலைமை ஒரு புது உத்தரவு போட்டது. சீருடை அணிந்திருக்கும்போது நெற்றியில் திருநீறு, நாமம் இருக்கக் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை மழிக்க வேண்டும். தலைப்பாகைக்குப் பதிலாக, வெள்ளைக்காரன் தொப்பி போன்ற ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொப்பியில் தோல் குஞ்சம் வேறு!

திருநீறு போனால் இந்துவுக்கு வருத்தம். தாடி போனால் முஸ்லிமுக்கு வருத்தம். தோல் என்றால் இருவருக்குமே அருவருப்பு. அது எந்த மிருகத்தின் தோலோ என்ற அச்சம்.

"மாட்டோம்" என்றார்கள் சிலர். அவர்களைப் பிடித்துச் சென்னைக் கோட்டைக்கு அனுப்பினார்கள். அவர்களில் இருவருக்குக் கசையடி கொடுத்து வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த இருவர் யார் தெரியுமா? ஒருவர் இந்து. மற்றவர் முஸ்லிம். சாட்டைக்கு மத வித்தியாசம் தெரியவில்லை!

ஜூலை மாதம் 10-ந் தேதி. விடிவதற்கு முன்பே கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் சேர்ந்தே கிளம்பினார்கள். 14 வெள்ளைக்கார அதிகாரிகளும், 69-வது படைப்பிரிவைச் சேர்ந்த 115 பேரும் மாண்டார்கள். கோட்டையில் திப்பு சுல்தானின் புலிக் கொடி பறந்தது. சில மணி நேரந்தான். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற தளபதி குதிரைப் படையோடு வந்தான். கோட்டை மறுபடியும் வெள்ளையர் கைக்குப் போயிற்று. நூற்றுக்கணக்கான சிப்பாய்களைச் சுட்டுத் தள்ளினார்கள். பிடிபட்டவர்களில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதற அடித்தார்கள்.

ஆனாலும் சிப்பாய்கள் தோற்றார்கள் என்று சொல்ல முடியாது. அந்த உத்தரவு ரத்தாயிற்று. உத்தரவு போட்ட தளபதி கிரடாக்கையும், கவர்னர் பெண்டிங்க்கையும் இங்கிலாந்து திரும்ப அழைத்துக்கொண்டது.

வடக்கே 1857-ல் நடந்த சிப்பாய்ப் புரட்சிக்கு 51 ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. அது சொன்ன பாடம் எளிமையானது. சிப்பாயின் உடம்பைக் கேள், தருவான். உயிரைக் கேள், தருவான். அவன் சாமியை மட்டும் தொடாதே!

சிங்கப்பூர்க் கோவில்

மலேசியாவில் ஆண்கள் கட்டும் கைலிக்கு இன்றும் 'பெலிக்காட்' என்றுதான் பெயர். நம் பழவேற்காட்டை வெள்ளைக்காரர் 'புலிக்காட்' என்று அழைத்தார்கள் அல்லவா? அந்தப் பெயரேதான் அது! ஒரு காலத்தில் இந்தக் கரையிலிருந்து துணி மூட்டைகள் கப்பலேறின. துணி போன அதே கடல் வழியில், பிற்காலத்தில் ஆயிரம் ஆயிரமாகத் தமிழர்களும் பிழைப்புத் தேடிப் போனார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுத்தார்கள். கடை வைத்தார்கள்.

அந்த மலேயாவிலும் சிங்கப்பூரிலும் இரண்டாவது உலகப் போரின்போது எழுந்ததுதான் இந்திய தேசிய ராணுவம். 1943-ம் ஆண்டு ஜூலையில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அதற்குத் தலைமை ஏற்றார். தோட்டத் தொழிலாளிகளான தமிழர்கள் அதில் பெருவாரியாகச் சேர்ந்தார்கள்.

வெள்ளைக்காரன் நடத்திய ராணுவத்தில் இந்துவுக்கு ஒரு சமையல், முஸ்லிமுக்கு ஒரு சமையல் என்று தனித்தனி அடுப்பு. நேதாஜியின் படையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அந்த ஆண்டு தசரா வந்தது. சிங்கப்பூரில் உள்ள செட்டியார் கோவிலுக்கு வரும்படி நேதாஜிக்கு அழைப்பு. செட்டியார்கள் பெருந்தனக்காரர்கள். படைக்குப் பணம் வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போயிருப்பார்கள். நேதாஜி மறுத்துவிட்டார். வேறு சாதியாரையும் வேறு மதத்தாரையும் உள்ளே விடாத இடத்துக்குத் தாம் வர முடியாது என்று சொல்லிவிட்டார். கோவிலார் யோசித்தார்கள், இணங்கினார்கள். கதவு எல்லோருக்கும் திறந்தது. நேதாஜி தம் அதிகாரிகளோடு உள்ளே போனார். இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் ஒன்றாகப் போனார்கள்.

இதைப் பிற்காலத்தில் எழுதிவைத்தவர் நேதாஜியின் உதவியாளராக இருந்த அபித் ஹசன். ஐதராபாத்தைச் சேர்ந்த முஸ்லிம். ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் நேதாஜியோடு மூன்று மாதம் கடலுக்கடியில் வந்தவர். இன்றைக்கும் நாம் சொல்லும் 'ஜெய் ஹிந்த்' என்ற வாழ்த்தைக் கொடுத்தவர் அவர்தான் என்று சொல்வார்கள்.

சென்னைச் சிறையில் நால்வர்

அதே 1943-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ந் தேதி. இடம் சென்னைச் சிறைச்சாலை.

அன்று நான்கு வாலிபர்களைத் தூக்கிலிட்டார்கள். மலேயாவில் பயிற்சி பெற்று, வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து வேலை செய்வதற்காக ரகசியமாக இந்தியாவுக்கு வந்து பிடிபட்டவர்கள் அவர்கள்.

ஒருவர் வக்கம் அப்துல் காதர். திருவாங்கூர்ச் சீமையில் வக்கம் என்ற ஊரில் பிறந்தவர். வயது 26. நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார்க் கரையில் இறங்கியவர். இன்னொருவர் அனந்தன் நாயர். மூன்றாமவர் வங்காளத்தைச் சேர்ந்த சத்யேந்திர சந்திர பர்தன். நான்காமவர் ஃபௌஜா சிங் என்ற சீக்கியர்.

ஒரு முஸ்லிம், இரண்டு இந்துக்கள், ஒரு சீக்கியர். ஒரே சிறை. ஒரே குற்றச்சாட்டு. ஒரே நாள்!

போர் முடிந்த பிறகு டில்லிச் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவத்தின் மூன்று அதிகாரிகள்மீது வழக்கு நடந்தது. அந்த மூவரும் அப்படித்தான். ஷா நவாஸ் கான் முஸ்லிம். பிரேம் சைகல் இந்து. குர்பக்ஷ் சிங் தில்லான் சீக்கியர். மூவரையும் ஒரே கூண்டில் நிறுத்தினான் வெள்ளைக்காரன். நாடு பொங்கி எழுந்தது. தண்டனை விதித்த பிறகும் 1946-ம் ஆண்டு ஜனவரியில் அவர்களை விடுதலை செய்ய வேண்டியதாயிற்று.

தரையில் படுத்த தளபதி

1947-ல் சுதந்திரம் வந்தது. கூடவே பிரிவினையும் வந்தது. நாட்டைப் பிரித்ததுபோல் ராணுவத்தையும் பிரித்தார்கள். பீரங்கியைப் பங்கு போட்டார்கள். லாரியைப் பங்கு போட்டார்கள். ஆளையும் பங்கு போட்டார்கள்.

முஸ்லிம் அதிகாரிகள் பலர் பாகிஸ்தானுக்குப் போனார்கள். "நான் போக மாட்டேன்" என்று நின்றவர்களில் ஒருவர் முகமது உஸ்மான். உத்தரப் பிரதேசம் ஆசம்கார் பக்கத்தவர். இங்கிலாந்தில் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர். அவர் இருந்த பலூச் படைப்பிரிவு பாகிஸ்தானுக்குப் போயிற்று. அவர் போகவில்லை. பாகிஸ்தான் தலைவர்களே பெரிய பதவி தருவதாக அழைத்தார்கள் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அப்போதும் அவர் அசையவில்லை.

காஷ்மீரில் சண்டை மூண்டது. 1947-ம் ஆண்டு டிசம்பர்க் கடைசியில் ஜாங்கர் என்ற ஊர் எதிரியின் கைக்குப் போயிற்று. அதை மீட்கும் வரையில் கட்டிலில் படுப்பதில்லை என்று பிரிகேடியர் உஸ்மான் சபதம் செய்தார். மலைக் குளிர் ரத்தத்தை உறையவைக்கும் காலம். தளபதி தரையில் பாய் விரித்துப் படுத்தார்!

1948-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி நௌஷேரா என்ற ஊரை எதிரிகள் பெரும் கூட்டமாக வந்து தாக்கினார்கள். உஸ்மானின் படை அவர்களைச் சிதற அடித்தது. 'நௌஷேரா சிங்கம்' என்ற பட்டம் அவருக்கு நிலைத்தது. அவர் தலைக்கு எதிரிகள் 50 ஆயிரம் ரூபாய் விலை வைத்தார்களாம். மார்ச் 18-ந் தேதி ஜாங்கர் மீண்டும் நம் வசம் வந்தது. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கட்டிலை இரவல் வாங்கி வந்து தளபதியைப் படுக்கவைத்தார்கள்.

அந்தக் கட்டில் சுகம் நீடிக்கவில்லை. ஜூலை 3-ந் தேதி அதே ஜாங்கரில் எதிரியின் பீரங்கிக் குண்டு விழுந்தது. உஸ்மான் வீர மரணம் அடைந்தார். 36 வயது நிறைய இன்னும் 12 நாள்தான் இருந்தது. டில்லியில் ஜாமியா மில்லியா வளாகத்தில் அவர் உடலை அடக்கம் செய்தார்கள். இறுதிச் சடங்குக்குப் பிரதமர் நேரு நேரில் வந்தார். நாடு அவருக்கு மகாவீர் சக்கரம் அளித்தது.

கரும்புத் தோட்டத்தில் ஒரு ஜீப்

பதினேழு ஆண்டுகள் கழிந்தன. 1965-ம் ஆண்டு. மறுபடியும் பாகிஸ்தானோடு போர்.

காட்டூர்த் தேநீர்க் கடையில் எழுந்த அதே கேள்வி அந்த நாளில் நாட்டில் பல இடங்களில் எழுந்தது. "முஸ்லிம்கள் எந்தப் பக்கம்?"

பதில் சொன்னவர் ஒரு தையற்காரரின் மகன். பெயர் அப்துல் ஹமீது. உத்தரப் பிரதேசம் காஜிப்பூர் மாவட்டத்தில் தாமுபூர் என்ற குக்கிராமம் அவர் ஊர். 1954-ல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தார் ஆனவர்.

பஞ்சாபில் கேம்கரன் பகுதி. செப்டம்பர் 10-ந் தேதி காலை 8 மணி. கரும்பும் பருத்தியும் நிற்கும் வயல்களுக்கு நடுவே பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் உறுமிக்கொண்டு வந்தன. அமெரிக்காவில் செய்த டாங்கிகள். இரும்பு மலை போன்றவை. ஹமீதிடம் இருந்தது ஒரு ஜீப். அதன்மேல் ஒரு டாங்கி எதிர்ப்புப் பீரங்கி. ஜீப்புக்கு இரும்புக் கவசம் கிடையாது. துப்பாக்கி ரவை பட்டாலே போதும்.

ஹமீது ஜீப்பைப் பக்கவாட்டில் ஓட்டச் சொன்னார். முன்னால் வந்த டாங்கியைச் சுட்டார். அது நின்றுபோயிற்று. உடனே இடம் மாறினார். இன்னொரு டாங்கியைச் சுட்டார். அது தீப்பற்றி எரிந்தது. இதற்குள் எதிரிகள் ஜீப்பைக் கண்டுகொண்டார்கள். குண்டு மழை பொழிந்தார்கள். ஓடித் தப்பியிருக்கலாம். ஹமீது மூன்றாவது டாங்கிக்குக் குறி வைத்தார். சுட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு குண்டு வந்து அவர்மீது விழுந்தது.

அந்தச் சண்டை நடந்த இடத்துக்குப் பெயர் 'அசல் உத்தர்'. அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? 'சரியான பதில்'!

சென்னைச் சிறையில் அப்துல் காதர் தூக்குமேடை ஏறியது செப்டம்பர் 10-ந் தேதி. அப்துல் ஹமீது ஜீப்பில் விழுந்ததும் செப்டம்பர் 10-ந் தேதி. நடுவே 22 ஆண்டுகள்.

மறு ஆண்டு குடியரசு தினத்தன்று டில்லியில் ஹமீதின் மனைவி ரசூலன் பீவி, நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான பரம்வீர் சக்கரத்தைப் பெற்றுக்கொண்டார். அதை அவர் கையில் கொடுத்தவர் ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் பிறந்த ஊர் திருத்தணி. காட்டூரும் பழவேற்காடும் இருக்கிற அதே திருவள்ளூர் மாவட்டந்தான்!

1965-ம் ஆண்டுப் போரில் பரம்வீர் சக்கரம் பெற்றவர்கள் இருவரே. ஒருவர் அப்துல் ஹமீது. மற்றவர் கர்னல் தாராபூர். அவர் பார்சி மதத்தவர். நாட்டில் முஸ்லிம்கள் சிறுபான்மையினர். பார்சிகளோ விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அந்தப் போரின் மிக உயர்ந்த இரண்டு விருதுகளும் அந்த இரு சமூகங்களுக்குத்தான் போயின.

ஒரு தாயின் சொல்

அது பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1999-ம் ஆண்டு கார்கில் போர் நடந்தது. லடாக்கில் துர்துக் பகுதியில், பனி மலை உச்சியில், கேப்டன் ஹனீப் உத்தீன் குண்டடிபட்டு இறந்தார். ராஜ்புதானா ரைபிள்ஸ் படையைச் சேர்ந்தவர். வயது 24. தந்தை முஸ்லிம், சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். தாயார் ஹேமா அஜீஸ் இந்துக் குடும்பத்துப் பெண், இசைக் கலைஞர்.

மகனின் உடல் மலைமேலேயே கிடந்தது. எதிரியின் துப்பாக்கி ஓயாததால் எடுத்து வர முடியவில்லை. ராணுவத் தளபதி அந்தத் தாயிடம் நிலைமையைச் சொன்னார். அவர் அழுது அரற்றவில்லை. தம் மகனின் உடலுக்காக இன்னொரு தாயின் மகன் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாற்பது நாளுக்கு மேல் கழிந்த பிறகுதான் உடல் கிடைத்தது.

அந்தத் தாயிடம் போய், "உங்கள் மகன் எந்தப் பக்கம்?" என்று கேட்க யாருக்காவது நாக்கு எழுமா?

ஒரே கூரை

வேலூரில் ரத்தம் சிந்திக் கற்ற பாடத்தைச் சுதந்திர இந்தியாவின் ராணுவம் மறக்கவில்லை.

ராணுவ முகாம்களில் 'சர்வ தர்ம ஸ்தலம்' என்று ஓர் இடம் இருக்கும். எல்லா மதத்தாரும் ஒரே கூரையின் கீழ் வழிபடும் இடம். படைகளில் சிப்பாய்களின் மதத்துக்குத் தக்கபடி பண்டிதர், மௌல்வி, பாதிரியார், சீக்கியர்களுக்குக் கிரந்தி என்று சமய ஆசிரியர்களை நியமிக்கிறார்கள். அவர்களுக்கும் ராணுவப் பதவி உண்டு, சம்பளம் உண்டு. படையை நடத்தும் அதிகாரி எந்த மதத்தவராயினும், தம் சிப்பாய்களின் பண்டிகையில் அவர்களோடு நிற்பார். ரம்சானுக்கு இந்து அதிகாரி தொழுகைக் கூடத்துக்குப் போவதும், தீபாவளிக்கு முஸ்லிம் அதிகாரி கோவிலில் விளக்கு ஏற்றுவதும் அங்கே அதிசயம் அல்ல.

நீலகிரியில் வெலிங்டன் என்ற ஊரில் மதராஸ் ரெஜிமென்ட்டின் தலைமையிடம் இருக்கிறது. தென்னாட்டு வாலிபர்கள் அங்கேதான் பயிற்சி பெறுகிறார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவன் என்று அங்கே தனித்தனி வரிசை இல்லை. "வீர மதராசி! அடி கொல்லு, அடி கொல்லு!" என்ற போர் முழக்கம் எல்லார் வாயிலிருந்தும் ஒன்றாக எழும்புகிறது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். 2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்குப்படி, நாட்டில் 100 பேரில் 14 பேர் முஸ்லிம்கள். ராணுவத்தில் அவர்கள் பங்கு அதைவிடக் குறைவு. பிரிவினையின்போது பலர் அந்தப் பக்கம் போனது ஒரு காரணம். படிப்புக் குறைவும் ஒரு காரணம். தேநீர்க் கடைக் கேள்விக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. "உன்னை நம்பலாமா?" என்று கேட்கிற இடத்துக்கு எந்தப் பையனும் ஆசையோடு போக மாட்டான்.

பின் வரிசைப் பையன்

ராமேசுவரத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர் இருந்தார். பெயர் ஜைனுலாப்தீன். மரப் படகு ஒன்று கட்டினார். ராமநாதசாமியைத் தரிசிக்க வரும் இந்து யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு அந்தப் படகில் ஏற்றிப் போய்வந்தார். கோவில் குருக்கள் லட்சுமண சாஸ்திரிகள் அவருக்கு உயிர் நண்பர்.

பெரியவரின் மகனும் குருக்களின் மகனும் பள்ளியில் முன் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். ஒரு நாள் புது ஆசிரியர் ஒருவர் வந்தார். பூணூல் போட்ட பையன் அருகே தொப்பி போட்ட பையன் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. முஸ்லிம் பையனைப் பின் வரிசைக்கு அனுப்பினார். குருக்களின் மகன் அழுதுவிட்டான்.

செய்தி லட்சுமண சாஸ்திரிகளுக்கு எட்டியது. ஆசிரியரைக் கூப்பிட்டு அனுப்பினார். பிஞ்சு மனத்தில் விஷத்தை விதைக்காதீர்கள் என்று கண்டித்தார். மன்னிப்புக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஊரை விட்டுப் போங்கள் என்றார். ஆசிரியர் மனம் திருந்தினார்.

அந்தப் பின் வரிசைப் பையன்தான் ஏ. பி. ஜே. அப்துல் கலாம்!

அவருக்கு விமானப் படையில் விமானி ஆக வேண்டும் என்று ஆசை. தேர்வுக்குப் போனார். இடம் எட்டு. அவர் ஒன்பதாவதாக வந்தார். மனம் உடைந்து திரும்பினார். பிறகு நாட்டுக்கு ஏவுகணை செய்து கொடுத்தார். 2002-ல் ஜனாதிபதி ஆனார். ஜனாதிபதி என்றால் தரைப்படை, கடற்படை, விமானப் படை மூன்றுக்கும் தலைவர். 2006-ம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி, 74-வது வயதில், பூனாவில் சுகோய் போர் விமானத்தில் ஏறிப் பறந்தார். எட்டாவது இடம் கிடைக்காத பையனின் ஆசை அன்றைக்குத் தீர்ந்தது.

சாஸ்திரிகள் அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால்? அந்தப் பையன் பின் வரிசையிலேயே சுருங்கிப்போயிருந்தால்? நஷ்டம் ஜைனுலாப்தீன் வீட்டுக்கு மட்டுமா?

இதுதான் நான் சொல்ல வந்தது. பின் வரிசைக்கு அனுப்புகிற ஆசிரியர் எல்லா ஊரிலும் உண்டு. கூப்பிட்டுக் கண்டிக்கிற சாஸ்திரிகளும் ஊருக்கு ஒருவர் வேண்டும். உஸ்மானும் ஹமீதும் ஹனீபும் உயிரைக் கொடுத்துப் பதில் சொல்லிவிட்டார்கள். உயிரோடிருக்கும் பையனிடம் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பது நியாயமா? மற்றப் பையன்களிடம் நாம் அதைக் கேட்பதில்லையே!

மறுபடியும் காட்டூர்

இதை எழுதி எடுத்துக்கொண்டு மறு வாரமே காட்டூருக்குப் போனேன். அதே தேநீர்க் கடை. அதே பெஞ்சு. கேள்வி கேட்டவர் இருந்தார். பெரியவர் கோடியில் இருந்தார். பையனும் இருந்தான்.

நான் படிக்கப் படிக்க எல்லோரும் கேட்டார்கள். ஹமீதின் ஜீப் கட்டம் வந்தபோது கடைக்காரர் பாலை ஆற்றுவதைக்கூட நிறுத்திவிட்டார். படித்து முடித்ததும் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

கேள்வி கேட்டவர் எழுந்து போய்ப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாய், அன்னிக்கு நான் தெரியாமக் கேட்டுட்டேன். மனசிலே வெச்சுக்காதீங்க."

"அட, விடுப்பா" என்றார் பெரியவர். "நீ கேட்டது எனக்குக் கஷ்டமா இல்லே. பேரன் காதிலே விழுந்துதே, அதுதான் கஷ்டமாப் போச்சு."

அவர் பையன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இன்னும் ஓடறியா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒரு வாரமா ஓடலே" என்றான்.

"நாளைக்கு ஓடு. ஓடறப்போ எங்க வீட்டுக் கதவையும் ஒரு தட்டுத் தட்டு. எம் மவன் வெயில் வர வரைக்கும் தூங்கறான். அவனுக்கும் பட்டாளத்திலே சேர்ற வயசுதான். அவனையும் இழுத்துக்கிட்டுப் போ."

பெரியவர் சிரித்தார். கடைக்காரர் அவர் கையில் ஒரு தேநீர் கொடுத்தார். இந்த முறை அதை அவர் முழுவதும் குடித்தார்.